புது நோய் வந்தால் போன் கேமராவுக்குத் தெரியுமா?

ஆத்தூர் பக்கம் அப்பா குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார். நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். இணையத்தில் கிடைக்கும் இலைப் படங்களை வைத்து, படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஒரு கணினி மாடலைப் பழக்கினீர்கள். கணினியில் 98 சதவீதம் சரியாகச் சொன்னது, காட்டுக்குள், அதாவது வயலுக்குள், கொண்டுபோனதும் தடுமாறுகிறது. 'இதைச் சரிசெய்தால், புதிதாக வரும் நோயைப் பரவுவதற்கு முன்பே போனை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? அது சொல்வதை நம்பி மருந்தடிக்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். மீதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏற்கனவே தெரிந்த நோயை கேமரா அடையாளம் காணுமா? கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காணுமா? அந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று வந்தால் காட்டிக்கொடுக்குமா? முதலாவதற்கு 'ஆமாம், நிபந்தனையோடு'. இரண்டாவதற்கு, சாதாரண போன் கேமரா என்றால், 'இல்லை'. மூன்றாவதற்கு, 'பெயர் சொல்லாது, ஆனால் ஒழுங்காக அமைத்தால் ஆளைக் கூப்பிடும்'. உங்கள் கேள்வியின் உயிர் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

நான் பயிர் நோயியல் படித்தவன். மரவள்ளி, நெல், வாழை என்று வயலில் நோய் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. படத்தை வைத்து நோய் சொல்லும் மாடல்களைச் செய்கிறவர்களுக்கு 'இது இன்ன நோய்' என்று படம் படமாகக் குறித்துக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். நிரல் எழுதுவது என் துறை அல்ல. அதனால் எந்த நெட்வொர்க் நல்லது, எத்தனை லேயர் வேண்டும் என்பதை உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். அந்தப் படங்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும்.

முதலில் அந்த 98 சதவீதம். நீங்கள் எடுத்தது பெரும்பாலும் பிளான்ட்வில்லேஜ் படத் தொகுப்பாக இருக்கும். புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2016இல் வந்த பிரபலமான ஆய்வு அதை வைத்துத்தான் நடந்தது. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். பழக்குவதற்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்த படங்களில் அந்த மாடல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதே ஆய்வுக் கட்டுரையிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்கு இறங்கியது. ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏன் இப்படி? அந்தப் படங்களில் பெரும்பாலானவை இலையைப் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தொகுதியாக எடுக்கப்பட்டவை. ஒரு நோயின் படங்கள் ஒரு நாள் வெளிச்சத்தில், இன்னொன்றின் படங்கள் இன்னொரு நாள் வெளிச்சத்தில் இருக்கும். மாடலுக்கு இலையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இதை ஒருவர் 2022இல் சோதித்தே காட்டினார். இலையைத் தொடாமல், படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து ஒரு மாடலைப் பழக்கினார். அது 49 சதவீதம் சரியாகச் சொன்னது. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் வரும். அப்படியென்றால் அந்தத் தொகுப்பில் வருகிற உயர்ந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு நோயைக் கண்டதால் வருவதில்லை. உங்கள் மாடல் காட்டில் தடுமாறியதற்கு உங்கள் நிரலில் பிழை இருக்க வேண்டும் என்று இல்லை. அது பார்த்துப் பழகியது அப்பாவின் காட்டை அல்ல, அவ்வளவுதான்.

சரி, உண்மையான வயலில் நன்றாகச் செய்தவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் உங்கள் பயிரிலேயே. கிழக்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளி ஏழைகளின் முக்கிய உணவு. தேமல், பழுப்புக் கீற்று என்ற இரண்டு வைரஸ் நோய்கள் அங்கே பெரும் நாசம் செய்கின்றன. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்வில்லேஜ் குழுவும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனமும் சேர்ந்து தான்சானியாவில் வயல் படங்களையே எடுத்து, நூரு என்ற செயலியைச் செய்தார்கள். இணையம் இல்லாத இடத்திலும் போனுக்குள்ளேயே வேலை செய்யும். 2017இல் வந்த முதல் ஆய்வில், ஒதுக்கி வைத்த படங்களில் 93 சதவீதம். அதே குழு 2019இல் மாடலைப் போனில் ஏற்றி வயலில் சோதித்தபோது, நோய் முற்றித் தெளிவாகத் தெரியும் செடிகளிலேயே மதிப்பெண் 32 சதவீதம் குறைந்தது. பெரும்பாலும் நோய் இருந்தும் விட்டுவிட்டதால் வந்த குறைவு அது.

அதற்கு அடுத்த வருடம் வெளியான ஒப்பீட்டை நான் ரொம்ப மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் மாடலை மாடலோடு ஒப்பிடவில்லை, மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு இலையைக் காட்டினால் நூரு 65 சதவீதம் சரி. வேளாண் விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58 சதவீதம். விவசாயிகள் 18 முதல் 31 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் விவசாயிகளைக் குறைவாக நினைக்கக் கூடாது. பல நோய்களும், இலைச் சாற்றை உறிஞ்சும் பேனின் சேதமும் கலந்து கிடக்கும் செடியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொன்ன சோதனை அது. முக்கியமான விஷயம் அடுத்த வரியில் இருக்கிறது. ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது நூருவின் கணக்கு 74 முதல் 88 சதவீதம் வரை ஏறியது. மாடல் அதேதான், நிரல் அதேதான். ஒரு இலைக்குப் பதில் செடியைப் பார்த்தார்கள்.

நோயியல் படித்தவனுக்கு இது ஆச்சரியம் இல்லை. மரவள்ளித் தேமலைக் காட்டில் நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். இலையில் வெளிர் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஆனால் மஞ்சளை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதில்லை. விரல் போல விரிந்த இலைப்பிரிவுகளில் ஒன்றை எடுத்து, நடு நரம்புக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்போம். தேமல் என்றால் ஒரு பக்கம் சிறுத்து, இலை கோணிக்கொண்டு, அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவு என்றால் இளம் இலைதான் வெளுக்கும். ஆனால் வெளுப்பு இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும், இலையின் வடிவம் கெடாது. செம்பேன் என்றால் மஞ்சள் புள்ளி ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பேனும் நூலாம்படையும் தெரியும். போனில் மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் அந்த அடிப்பக்கம் இருக்கவே இருக்காது.

அப்புறம் தலையிலிருந்து அடிவரை செடியைப் பார்ப்போம். கரணையிலேயே, அதாவது நடும் குச்சியிலேயே, வைரஸ் இருந்திருந்தால் முளைத்து வரும் முதல் இலையிலிருந்தே தேமல் இருக்கும். நல்ல கரணையாக நட்டு, பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டிருந்தால் அடி இலைகள் சுத்தமாக இருக்கும், கொழுந்துப் பக்கம் மட்டும் தேமல் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தில் 'குறை உங்கள் விதைக்குச்சியிலா, பக்கத்துக் காட்டிலா' என்ற கேள்விக்கே பதில் கிடைத்துவிடுகிறது. ஒற்றை இலைப் படத்தில் இது முழுக்கத் தொலைந்து போகிறது. படம் சார்ந்த நோய் கண்டறிதலில் இன்று இருக்கும் பெரிய குறை எது என்று கேட்டால், நான் மாடலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்த நோய்களுக்கு. ஒரே வட்டாரத்தில், ஒரே மாதிரி போனில், செடிக்குப் பல படங்களாக எடுத்துப் பழக்கினால், தெளிவான அறிகுறி உள்ள நோய்களை கேமரா நன்றாகவே சொல்லும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே செடியில் இரண்டு நோய் இருந்தால், நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், ரகம் மாறினால் எவ்வளவு தாங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓர் ஊரில் கிடைத்த எண்ணை இன்னோர் ஊருக்கு வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது. உகாண்டாவின் மேக்கரேரே பல்கலைக்கழகக் குழு 21,000 படங்களுக்கு மேல் திரட்டி, மாடல் செய்கிறவர்கள் போட்டியிடும் காகிள் என்ற இணையதளத்தில் போட்டி வைத்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் மோதின. முதலிடம் வந்தவர்களாலும் 91 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்ட முடிந்தது. வயல் படம் என்றால் நிலவரம் அதுதான்.

இப்போது புது நோய்க்கு வருவோம். மாடலுக்கு ஐந்து வகை சொல்லிக் கொடுத்தால், எதைக் காட்டினாலும் அந்த ஐந்தில் ஒன்றைத்தான் சொல்லும். தேங்காய் மட்டையைக் காட்டினாலும் ஐந்தில் ஒன்றுதான் வரும், அதுவும் '92 சதவீத நம்பிக்கை' என்று கூடவே எழுதிக் காட்டலாம். அந்த நம்பிக்கை எண் 'நான் சரியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்பதல்ல, 'எனக்குத் தெரிந்த ஐந்துக்குள் இதுதான் அதிகம் ஒத்துப்போகிறது' என்பதுதான். தான்சானியாவில் பழக்கிய மாடலை அப்படியே சேலத்தில் ஓட்டினால், அதற்குப் பழுப்புக் கீற்று நோய் தெரியும். இந்தியாவில் அந்த நோய் கிடையாது. ஆனால் முதிர்ந்து மஞ்சளாகி உதிரப் போகும் அடி இலையைக் காட்டினால் 'பழுப்புக் கீற்று' என்று சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அந்த நோய் அடி இலைகளில் நரம்போரம் மஞ்சளாகத்தான் தெரியும். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வதும், இருக்கிற புது நோயைப் பழைய பெயரில் மறைப்பதும் ஒரே காரணத்தால் வருகின்றன. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நாம் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அது நோய் அல்ல, பூச்சி. ஆனால் இலையில் தெரிவதால் இங்கே பொருந்தும். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தில் திருச்சூர் பக்கம் பதிவானது. பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி என்று பரவி, கிழங்குக் காடுகளைப் பாழாக்கியது. கொழுந்து சுருண்டு, கணு இடைவெளி குறுகி, நுனி கொத்தாக முடிச்சுப் போட்டது போல ஆகிவிடும். அதற்கு முன்பே, 2008 வாக்கில் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் மரவள்ளியில் வருவதுதான். ஆக 2020இல் ஒரு செயலி இருந்திருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? சுருண்ட கொழுந்தை 'தேமல்' என்றோ, வெள்ளை மாவைப் 'பப்பாளி மாவுப்பூச்சி' என்றோ சொல்லியிருக்கும். இரண்டும் தப்பு. தப்பான பெயருக்கு விலையும் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி வேறு, மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்கும் குளவி வேறு. இரண்டாவது குளவி ஆப்பிரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தமிழ்நாட்டில் விடப்பட்டது. எந்தப் பூச்சி என்று முதலில் யாரோ கையில் எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து உறுதி செய்ததால்தான் அந்தக் குளவி வந்தது.

இதில் நம்பிக்கை தரும் பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்த மாவுப்பூச்சி நமக்குத்தான் புதிது. ஆப்பிரிக்கா 1970களிலேயே அதோடு போராடியிருக்கிறது, அந்தக் குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் அங்கே ஜெயித்தும் காட்டினார்கள். 'புது நோய்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான்: ஓரிடத்துக்குப் புதிது, இன்னோரிடத்தில் பழையது. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று பெயர் வாங்கிய வைரஸ், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வெகுகாலமாக இருக்கிறது. சேலத்து விவசாயி தூரத்திலிருந்தே தேமலை அடையாளம் சொல்லிவிடுவார். அதே வைரஸ் 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே அது முற்றிலும் புதிது. இரண்டே வருடத்தில் வியட்நாமிலும் பதிவானது, பிறகு தாய்லாந்துக்கும் போனது. அவர்களிடம் நம் ஊர் தேமல் படங்கள் முன்கூட்டியே இருந்து, ஒரு மாடலும் பழக்கப்பட்டிருந்தால், முதல் செடியிலேயே ஒருவேளை மணி அடித்திருக்கும். 'ஒருவேளை' என்றுதான் சொல்ல முடியும், செய்து பார்த்தவர்கள் இல்லை. ஆனால் நாம் செய்ய வேண்டிய வேலை அதிலிருந்து தெளிவாகிறது. இன்னும் நம் ஊருக்கு வராத, ஆனால் வரக்கூடிய நோய்களின் படங்களை, அவை இருக்கும் நாடுகளிலிருந்து வாங்கி மாடலில் சேர்த்து வைக்க வேண்டும். பழுப்புக் கீற்று அப்படிப்பட்ட ஒன்று. அதில் ஒரு சிக்கல் உண்டு: இலையில் அது மங்கலாகத்தான் தெரியும், முழுச் சேதமும் கிழங்கை அறுத்துப் பார்க்கும்போதுதான் பழுப்பு அழுகலாகத் தெரியும். இலையை மட்டும் பார்க்கும் எந்த ஏற்பாடும் அதில் பாதி குருடுதான்.

இன்னொரு தடை, கணக்கு சம்பந்தப்பட்டது. இதை உங்களை மாதிரி கணினி படிப்பவர்கள் கட்டாயம் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். புது நோய் என்றால் ஆரம்பத்தில் அரிதாகத்தான் இருக்கும். 10,000 செடிகளில் 10 செடிக்கு இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் மாடல் நோயுள்ள செடியை 95 சதவீதம் சரியாகப் பிடிக்கும், நல்ல செடியையும் 95 சதவீதம் 'நல்லது' என்று சரியாகச் சொல்லும். கேட்பதற்கு அருமையான மாடல். 10இல் 9 அல்லது 10 செடியைப் பிடித்துவிடும். ஆனால் நல்ல செடிகள் 9,990இல் 5 சதவீதம், அதாவது சுமார் 500 செடிகளையும் நோய் என்று சொல்லும். மொத்தம் 510 எச்சரிக்கை வரும், அதில் நிஜம் 10. ஐம்பதில் ஒன்று. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு அலுவலர் வண்டியெடுத்துப் போக வேண்டும் என்றால், இரண்டாவது வாரம் யாரும் போக மாட்டார்கள். மாடல் மோசம் என்பதால் அல்ல; அரிதான ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அதனால்தான் ஒற்றை எச்சரிக்கையை நம்பி எதுவும் செய்யக் கூடாது, எச்சரிக்கைகள் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். 500 பொய் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். உண்மையான புது நோய் ஓரிடத்தில் குவியும்: ஒரே காட்டில் பத்துச் செடி, அடுத்த வாரம் பக்கத்துக் காடு, அல்லது ஒரே ஆளிடம் விதைக்குச்சி வாங்கிய நாலு பேர் காடு. படத்தோடு இடமும் தேதியும் ரகமும் செடியின் வயதும் பதிவானால் இந்தக் குவியல் வரைபடத்தில் தெரியும். கேமராவின் உண்மையான பலம் இதில்தான் என்பது என் கருத்து. ஒரு நோயியல் வல்லுநர் ஒரு வாரத்தில் பார்க்கக்கூடிய காடுகள் கொஞ்சம்தான். ஆயிரம் விவசாயிகள் கையில் இருக்கும் ஆயிரம் போன்கள் பார்ப்பது அதிகம். வல்லுநர் எந்தக் காட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அவை சொன்னாலே போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, 'இது எனக்குத் தெரிந்த எதையும் போல இல்லை, இந்த இடத்தில் இந்த வாரம் இது மாதிரி ஏழு வந்திருக்கிறது' என்று சொன்னால் போதும். மத்திய வேளாண் அமைச்சகம் 2024இல் தொடங்கிய தேசியப் பூச்சி கண்காணிப்பு அமைப்பும் விவசாயிகள் அனுப்பும் படங்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. பாதை அந்தப் பக்கம்தான் போகிறது.

கண்ணுக்குத் தெரியும் முன்பே காண்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் பார்க்கும் அதே சிவப்பு, பச்சை, நீலத்தைத்தான் போன் கேமராவும் பார்க்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத இலையில் அதற்கும் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. விசேஷக் கேமரா என்றால் கதை வேறு. இத்தாலியின் புலியா பகுதியில் 2013இலிருந்து சைலெல்லா பாக்டீரியா ஆலிவ் மரங்களை வாட்டி வருகிறது. அங்கே விமானத்தில் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராவும் (ஒளியை மிக நுணுக்கமான பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது) வெப்பக் கேமராவும் வைத்துப் படமெடுத்து, அறிகுறி தெரிவதற்கு முன்பே 80 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டதாக 2018இல் ஆய்வு வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்தக் கேமராவின் விலையும், படத்தைப் படிக்கத் தேவைப்படும் ஆட்களும் மூன்று ஏக்கர் கிழங்குக் காட்டுக்குக் கட்டுப்படியாகாது. தண்ணீர்ப் பற்றாக்குறையையும் நோயையும் பிரித்தறிவது அந்த முறையிலும் கஷ்டமான பகுதி. டிரோனில் சாதாரண கேமராவை மாட்டி 'முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம்' என்று யாராவது விற்க வந்தால், எந்த நோயை, எத்தனை நாள் முன்பு, எந்த ஆய்வகச் சோதனையோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

மருந்தடிப்பது: செயலி சொன்னதை மட்டும் நம்பி அடிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. தேமல் வைரஸ் நோய், அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வெள்ளை ஈக்கு அடிக்கும் மருந்தால் பரவலைக் கொஞ்சம் குறைக்கலாம், கரணையோடு வந்த வைரஸை எதுவும் செய்ய முடியாது. மாவுப்பூச்சிக்குக் கண்டபடி அடித்தால் அதைத் தின்னும் குளவியும் சேர்ந்து சாகும். தேமலுக்கு உருப்படியான வழி இரண்டுதான்: முளைத்த முதல் சில வாரங்களில் தேமல் தெரியும் செடிகளைப் பிடுங்கி அகற்றுவது, அடுத்த நடவுக்கு நோயில்லாத செடியிலிருந்து கரணை எடுப்பது.

உங்கள் படிப்பை இந்த இரண்டாவது வேலைக்குத் திருப்பச் சொல்வேன். அறுவடை சமயத்தில் இலை பெரும்பாலும் கொட்டியிருக்கும். எது தேமல் செடி, எது நல்ல செடி என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோரும் கட்டுக் கட்டாக எடுத்து நடுவதால்தான் நோய் வருடா வருடம் தொடர்கிறது. செடி நன்றாகத் தழைத்து நிற்கும் மாதங்களில், ஒரே செடியைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் படமெடுத்து, ஒருமுறைகூட தேமல் காட்டாத செடிகளுக்குப் பெயின்ட் அடையாளம் போட்டு வைத்தால், அறுவடையில் அவற்றிலிருந்து மட்டும் கரணை எடுக்கலாம். கடும் வெயிலில் அறிகுறி மங்கும், வைரஸ் இருந்தும் வெளியே காட்டாத செடிகளும் உண்டு. ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது அதனால்தான். இந்த வேலையில் கேமரா தப்பு செய்தாலும் நஷ்டம் குறைவு. நல்ல செடியை நோய் என்று சொன்னால் ஒரு கட்டுக் குச்சி போகும், அவ்வளவுதான்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் முழுச் செடி ஒன்று, கொழுந்து ஒன்று, நடு இலை, அடி இலை, ஓர் இலையின் அடிப்பக்கம் என்று எடுங்கள். வெயில், மேகம், காலை, மாலை எல்லாம் கலந்து இருக்கட்டும். நலமான செடியையும், சத்துக் குறைவையும், பூச்சி கடித்ததையும், மருந்து பட்டுக் கருகியதையும் அதே அக்கறையோடு எடுங்கள். மாடலுக்குப் 'பக்கத்தில் உள்ளது ஆனால் இது இல்லை' என்று கற்றுக் கொடுப்பவை அவைதான். ரகத்தையும் குறித்து வையுங்கள். எச்-226லும் முள்ளுவாடியிலும் ஒரே நோய் ஒரே மாதிரி தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்து நெல் வயல்களில் எடுத்து, 16,225 படங்களாக வெளியிட்ட பேடி டாக்டர் தொகுப்பைப் பாருங்கள். பறித்த இலை அல்ல, வயலில் நிற்கும் பயிர். அதிலிருந்து நடத்திய போட்டிக்குக் கொடுத்த படங்களில் ரகமும் பயிரின் வயதும்கூட இருந்தன. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை இது.

மாடலைச் சோதிக்கும்போது படங்களைக் கலைத்துப் போட்டுப் பாதியாகப் பிரிக்காதீர்கள். ஒரே செடியின் ஒரு படம் பழக்கும் பக்கமும் இன்னொன்று சோதிக்கும் பக்கமும் போனால், 98 சதவீதம் திரும்பவும் வரும், காட்டில் திரும்பவும் ஏமாற்றும். காடு காடாகப் பிரியுங்கள்: ஆறு காட்டில் பழக்கி, ஏழாவது காட்டில் சோதியுங்கள். அதோடு, பழக்காத ஒரு நோயை வேண்டுமென்றே ஒளித்து வைத்து, அதைக் காட்டும்போது மாடல் 'தெரியாது' என்கிறதா, பழைய பெயரை ஒட்டுகிறதா என்று பாருங்கள். புது நோயைப் பிடிக்குமா என்ற உங்கள் கேள்விக்கு, நோய் வருவதற்கு முன்பே செய்து பார்க்கக்கூடிய சோதனை இதுதான்.

பெயர் குறிப்பதற்கு இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். அவர்கள் ஒத்துப்போகாத படங்களைத் தூக்கிப் போடாமல் தனியே வையுங்கள். அந்தச் செடிகளில் சிலவற்றையாவது ஆய்வகத்தில் பிசிஆர் சோதனைக்கு, அதாவது நோய்க்கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். வைரஸ் சோதனைக்கு என்றால் இளம் இலையை இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்த்தி, செடியின் எண்ணை எழுதி அனுப்பலாம். ஈரமாக பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிப்போகும். மாவுப்பூச்சி என்றால் ஒரு சின்னக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். சந்தேகமான செடியின் குச்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உயிரோடு வேறு ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம். உங்களுக்குப் பக்கம் ஏத்தாப்பூர் நிலையம். சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முதலில் ஏத்தாப்பூருக்குப் படங்களோடு நேரில் போய், அங்குள்ள நோயியல் விஞ்ஞானியிடம் எந்தெந்தச் செடியைச் சோதனைக்கு எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, அப்புறம் மாதிரி எடுங்கள்.